ஒரு கணினி, ஐந்து பேர், ஐந்து கணக்கு



இந்த மாதம் கணினிப் பாடம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே லினக்ஸ் கணினியில் நிரல் எழுத வேண்டும் என்றால் அதை எப்படி அமைப்பது என்று படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். இதில் பாதி நான் படித்துத் தெரிந்துகொண்டது. மீதிப் பாதி நானே தப்புச் செய்து தெரிந்துகொண்டது. தப்பு எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பிறகு வரும் ஒவ்வொரு படியும் எதற்கு என்று புரியும்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். ஒரு கட்டளையில் சந்தேகம் வந்தால் ‘மேன்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுங்கள். அதன் முழு விளக்கமும் திரையில் வரும்.

ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஐந்து பேர். மூன்று பேர் கல்லூரி, ஒரு தம்பி படிவம் 6, அப்புறம் நான். நான் வேலைக்குப் போகிறவன், வயதிலும் மூத்தவன், அதனால் எல்லாருக்கும் அண்ணன். மண்டபத்தில் நடக்கும் டியூஷன் வகுப்புக்கு வருகைப் பதிவும் கட்டணக் கணக்கும் பார்க்க ஒரு மென்பொருள் எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆளாளுக்கு மடிக்கணினி வாங்க வசதி இல்லை. ஓர் அலுவலகத்தில் ஓரங்கட்டிய மேசைக் கணினி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. 16 ஜிபி நினைவகம். போதும். உபுண்டு லினக்ஸ் போட்டேன். ‘வகுப்பு’ என்று ஒரே ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, கடவுச்சொல்லை வெண்பலகையில் எழுதிப் போட்டேன். “இந்தாங்கப்பா, எல்லாரும் இதுல ஏறி வேலை செய்யுங்க” என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அது பெரிய மனசு மாதிரி தெரிந்தது. எல்லாம் எல்லாருக்கும் பொது. யாருக்கும் எதுவும் மறைவில்லை. சரிதானே?

மூன்று மாதம் ஓடியது. சின்னச் சின்னத் தொல்லைகள் வந்தன. ஒருவர் திறந்து வைத்த கோப்பை இன்னொருவர் திறந்து சேமித்துவிடுவார். முந்தையவரின் மாற்றம் போய்விடும். “யாரு என் பைல்ல கை வச்சது?” என்று கேட்போம், சிரிப்போம், மறுபடி எழுதுவோம்.

ஒரு சனிக்கிழமை சிரிக்க முடியவில்லை. தங்கச்சி ஒருத்தி இரண்டு வாரமாக வேலை நாள் மாலைகளில் வந்து உட்கார்ந்து மாத அறிக்கைப் பகுதியை எழுதியிருந்தாள். கோப்பைத் திறந்தால் அவள் எழுதியது எதுவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய பழைய நிரல்தான் இருந்தது. அவள் முகம் வாடிப்போய்விட்டது.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை கடைசியாக மண்டபத்தில் இருந்தது படிவம் 6 தம்பி. எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: “தம்பி, நீதானே கடைசியா இருந்தே? எதையாச்சும் மாத்தினியா?”

“நான் இல்லேண்ணே. நான் என் பக்கத்தை மட்டும்தான் தொட்டேன்.”

“அப்புறம் தானா போயிடுமா?”

அவன் பதில் சொல்லவில்லை. அவனால் நிரூபிக்கவும் முடியாது. கணினியில் யார் என்ன செய்தாலும் ‘வகுப்பு’ என்ற ஒரே பெயர்தான் பதிவாகும். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வியாழக்கிழமை இரவு

இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது, கோப்புகளின் கடைசி மாற்ற நேரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். ‘எல்எஸ்’ கட்டளையோடு ‘-எல்’ சேர்த்தால் அது தெரியும். யாரும் தொடாத பழைய கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் காட்டியது: அந்த வியாழக்கிழமை இரவு 9:40.

வியாழக்கிழமை இரவு மண்டபச் சாவி என்னிடம்தான் இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கணக்குப் புத்தகம் எடுக்கப் போனேன். போன இடத்தில் என் மடிக்கணினியை இணைத்து, நான் திருத்திய ஒரே ஒரு பக்கத்தை அனுப்புவதற்குப் பதிலாக முழுக் கோப்புறையையும் நகலெடுத்துவிட்டேன். அவசரம். என் மடிக்கணினியில் இருந்தது மூன்று வாரப் பழசு. அது போய் எல்லார் வேலை மேலும் உட்கார்ந்துவிட்டது. தங்கச்சியின் இரண்டு வார உழைப்பை அழித்தவன் நான். பழியை ஏற்றுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவன் அந்தத் தம்பி.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ‘பொது’ என்றால் பெயர் இல்லாமல் இருப்பது என்று நினைத்துவிட்டேன். பெயர் இல்லாத இடத்தில் குற்றவாளி தப்பித்துக்கொள்வான், தப்புச் செய்யாதவன் மாட்டிக்கொள்வான். கூட்டு வேலைக்கு முதல் தேவை ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர்.

பலர் சேர்ந்து உழைக்கவே பிறந்தது

லினக்ஸ் இதற்கு நல்ல இடம். காரணம் அதன் பரம்பரை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், ஒரு பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் காலத்தில் வளர்ந்தது. அன்று ஆளுக்கொரு கணினி கிடையாது. அதனால் ‘இந்தக் கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், யார் எழுதலாம்’ என்ற கேள்வி அதன் அடித்தளத்திலேயே இருந்தது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது இந்த முறையையே பின்பற்றினார். ஆக, நமக்குத் தேவையான எல்லாம் உள்ளேயே இருக்கிறது. நான்தான் எதையும் பயன்படுத்தவில்லை.

இனி, நாங்கள் மறுபடி அமைத்த விதம்.

படி 1: ஆளுக்கொரு கணக்கு

‘ஆட்யூஸர்’ கட்டளையால் ஐந்து பேருக்கும் தனித்தனிக் கணக்கு உருவாக்கினோம். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கடவுச்சொல், சொந்த வீட்டுக் கோப்புறை. லினக்ஸில் இதை ‘ஹோம்’ என்பார்கள். உங்கள் ஹோமுக்குள் நீங்கள் என்ன உடைத்தாலும் அடுத்தவர் வேலை உடையாது. இந்த ஒரு படி அன்றே இருந்திருந்தால், நான் நகலெடுத்த பழைய கோப்புறை என் வீட்டுக்குள்ளேயே விழுந்திருக்கும்.

வெண்பலகையில் இருந்த கடவுச்சொல்லை அழித்தோம். பழைய ‘வகுப்பு’ கணக்கை மூடினோம்.

படி 2: ஒரு குழு

தனித்தனிக் கணக்கு கொடுத்தாயிற்று. இப்போது ஒருவர் கோப்பை இன்னொருவர் திருத்த முடியாதே? அதற்குத்தான் குழு. ‘ஆட்குரூப்’ கட்டளையால் ‘நிரலர்’ என்ற பொருளில் ஒரு குழு அமைத்து ஐந்து பேரையும் அதில் சேர்த்தோம். சேர்க்கும் கட்டளை ‘யூஸர்மோட்’. அதோடு சிறிய ‘ஏ’, பெரிய ‘ஜி’ இரண்டும் வர வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சிறிய ‘ஏ’ என்றால் ‘இருப்பதோடு சேர்’ என்று பொருள். அதை விட்டுவிட்டுப் பெரிய ‘ஜி’ மட்டும் கொடுத்தால், அந்த ஆள் ஏற்கனவே இருந்த மற்ற குழுக்களிலிருந்து கழன்றுவிடுவார். என் கணக்கையே நான் அப்படிச் சேர்த்தேன். நிர்வாக உரிமை தரும் குழுவிலிருந்து நானே வெளியேறிவிட்டேன்! கணினியை மீட்பு நிலையில் துவக்கித்தான் திரும்ப நுழைய முடிந்தது. தம்பி தங்கைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று: குழுவில் சேர்த்த உடனே அது வேலை செய்யாது. அந்த ஆள் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். “சேத்தாச்சுன்னு சொன்னீங்க, இன்னும் திறக்கலியே அண்ணே” என்றால் முதலில் வெளியேறி வரச் சொல்லுங்கள். ‘ஐடி’ என்று தட்டினால் யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று காட்டும்.

படி 3: பொதுக் கோப்புறை

அனுமதி எண்களைப் புரிந்துகொண்டால் இந்தப் படி எளிது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: உரிமையாளர், குழு, மற்றவர். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று அனுமதி: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிப் போட வேண்டியதுதான். 7 என்றால் எல்லாம் உண்டு. 6 என்றால் படிக்கலாம், எழுதலாம். 4 என்றால் படிக்க மட்டும். 0 என்றால் ஒன்றும் இல்லை. ஆக 664 என்றால் உரிமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம். மற்றவர் படிக்க மட்டும்.

கோப்புறைக்குப் பொருள் கொஞ்சம் மாறும். அங்கே 1 என்பது உள்ளே நுழைய அனுமதி. 2 என்பது உள்ளே கோப்பு உருவாக்கவும், நீக்கவும் அனுமதி. இதைக் கவனியுங்கள்: கோப்புறையில் எழுத அனுமதி உள்ளவர், அதற்குள் இருக்கும் அடுத்தவர் கோப்பையும் நீக்க முடியும். கோப்பு யாருடையது என்பது அங்கே தடையாக இராது.

‘எஸ்ஆர்வி’ என்ற அடைவுக்குள் பொதுக் கோப்புறையை உருவாக்கி, அதை நம் குழுவின் பெயரில் மாற்றி, ‘சிஎச்மோட்’ கட்டளையால் 2770 என்று அனுமதி கொடுத்தோம். 770 புரிகிறது. முன்னால் இருக்கும் 2 எதற்கு? அதன் பெயர் ‘செட்ஜிஐடி’. அது இருந்தால், அந்தக் கோப்புறைக்குள் யார் புதுக் கோப்பு உருவாக்கினாலும் அது உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் நம் பொதுக் குழுவுக்கு வரும். உள்ளே உருவாகும் புதுக் கோப்புறைகளும் இந்தக் குணத்தோடே பிறக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் “எனக்குத் திறக்க மாட்டேங்குது” என்ற புகார்தான்.

இதோடு ‘யூமாஸ்க்’ பார்க்க வேண்டும். புதுக் கோப்பு பிறக்கும்போது எந்த அனுமதியைப் பிடித்துவைப்பது என்று சொல்லும் எண் அது. 022 என்றால் குழுவுக்கு எழுத அனுமதி கிடைக்காது, கோப்பு 644 ஆகப் பிறக்கும். 002 என்றால் 664 ஆகப் பிறக்கும், குழுவினர் எழுதலாம். நமக்கு வேண்டியது 002. ‘யூமாஸ்க்’ என்று மட்டும் தட்டினால் உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று காட்டும்.

ஆவணங்கள் வைக்கும் கோப்புறைக்கு மட்டும் 2770-க்குப் பதில் 3770 கொடுத்தோம். கூடுதலாக வரும் அந்த 1 ‘ஸ்டிக்கி’ எனப்படும். அது இருந்தால் ஒருவர் கோப்பை இன்னொருவர் நீக்க முடியாது. கணினியின் ‘டெம்ப்’ என்ற தற்காலிக அடைவிலும் இதே பாதுகாப்புத்தான் இருக்கிறது.

ஒரு பொதுவான தவறைச் சொல்லிவிடுகிறேன். எது திறக்காவிட்டாலும் 777 கொடுத்துவிடு என்று நண்பர்கள் சொல்வார்கள். வேலை நடக்கும். ஆனால் அது வீட்டுக் கதவு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது. கணினியில் ஓடும் எந்தப் பயனரும், எந்த நிரலும் உள்ளே வந்து எழுதலாம். திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் குழு தவறாக இருப்பதுதான். குறிப்பாக, உங்கள் ஹோமிலிருந்து கோப்பை ‘எம்வி’ கட்டளையால் நகர்த்தினால் அது பழைய குழுவோடே வந்து சேரும். ‘சிபி’ கொண்டு நகலெடுத்தால் புதுக் கோப்பாகப் பிறந்து பொதுக் குழுவைப் பெறும்.

படி 4: நிரலுக்கு கிட்

இது முக்கியமான படி. பொதுக் கோப்புறைக்குள் போய் ஐந்து பேரும் ஒரே நிரல் கோப்பைத் திருத்துவது என்ற பழக்கத்தையே விட்டோம். அனுமதி எவ்வளவு சரியாக இருந்தாலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைச் சேமித்தால் ஒருவர் வேலை போகும். அதைத் தடுக்க அனுமதி எண்ணால் ஆகாது.

அதற்கு இருப்பது கிட். 2005-இல் லினக்ஸ் கருவகத்தின் நிரலைப் பராமரிப்பதற்காக அதே டோர்வால்ட்ஸ் எழுதியது. உலகம் முழுக்க இருக்கும் நிரலர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்ய அது உதவுகிறது. ஐந்து பேருக்கு உதவாதா?

பொது இடத்தில் ‘கிட் இனிட்’ கட்டளையோடு ‘பேர்’, ‘ஷேர்ட் = குரூப்’ என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுத்து ஒரு களஞ்சியம் உருவாக்கினோம். ‘பேர்’ என்றால் அதற்குள் நேரடியாகத் திருத்தும் கோப்புகள் இராது, வரலாறு மட்டும் இருக்கும். ‘ஷேர்ட்’ என்றால் கிட் உருவாக்கும் கோப்புகளில் குழுவினர் எழுதலாம். இன்னொரு நன்மையும் கூடவே வருகிறது. இப்படி உருவாக்கிய களஞ்சியத்தில் ஒருவர் வலுக்கட்டாயமாகப் பழைய வரலாற்றை மேலே திணிக்க முயன்றால் அது மறுத்துவிடும். அன்றைக்கு வியாழக்கிழமை நான் செய்த மாதிரி வேலைக்கு இங்கே இடமில்லை.

ஒவ்வொருவரும் தங்கள் ஹோமில் ஒரு நகலை ‘குளோன்’ செய்துகொள்வோம். அங்கே எழுதுவோம், சோதிப்போம். சரியென்றால் பொதுக் களஞ்சியத்துக்கு ‘புஷ்’. அதற்குள் வேறொருவர் ஏதாவது அனுப்பியிருந்தால் கிட் நம்மை நிறுத்தும்: முதலில் அவருடையதை ‘புல்’ செய்து இணைத்துக்கொண்டு வா என்கும். இரண்டு பேரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். கோபப்படாதீர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாளே ஒவ்வொருவரும் தங்கள் பெயரை கிட்டில் பதிந்துகொள்ளுங்கள். 2022-க்குப் பிறகு வந்த பதிப்புகளில், வேறொருவர் உருவாக்கிய களஞ்சியத்தைத் திறக்கும்போது ‘இதன் உரிமை சந்தேகமாக இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு தடை வரலாம். அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. அந்தக் களஞ்சியத்தை நம்பகமானது என்று ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் சேர்த்தால் போதும்.

படி 5: தூரத்திலிருந்து வர ஒரு சாவி

ஒரு கணினிக்கு ஒரு விசைப்பலகைதான். ஐந்து பேர் எப்படி? மண்டபத்து வைஃபையில் பழைய மடிக்கணினிகளையும், ஒரு தங்கச்சியின் அண்ணன் கொடுத்த சின்ன நோட்புக்கையும் இணைத்தோம். அவற்றில் பலம் தேவையில்லை. எஸ்எஸ்எச் மூலம் மேசைக் கணினிக்குள் நுழைந்து அங்கேதான் வேலை. எஸ்எஸ்எச் 1995-இல் பின்லாந்தில் டாட்டு இலோனென் எழுதியது. அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதுதான் அதற்குக் காரணம். போகும் வரும் எல்லாவற்றையும் அது மறையாக்கம் செய்துவிடும்.

கடவுச்சொல்லைவிடச் சாவி நல்லது. ‘எஸ்எஸ்எச் கீஜென்’ கட்டளை இரண்டு கோப்பு தரும். ஒன்று பொதுச் சாவி. அதைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், மேசைக் கணினியில் வைக்கலாம். இன்னொன்று தனிச் சாவி. அது உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. எல்லாருடைய சாவியும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் கடவுச்சொல் நுழைவை அடைக்க வேண்டும். அப்போதும் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் நுழைந்து சோதித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டிவரும்.

சாவி சரியாக இருந்தும் நுழைய முடியவில்லையா? ‘எஸ்எஸ்எச்’ மறைகோப்புறைக்கு 700, அதற்குள் சாவிப் பட்டியல் கோப்புக்கு 600 அனுமதி இருக்கிறதா பாருங்கள். மற்றவர் எழுதக்கூடிய இடத்தில் சாவி இருந்தால் எஸ்எஸ்எச் அதை நம்பாது.

வீட்டிலிருந்தும் வேலை செய்ய ஆசை வரும். இணையத்துக்கு நேராகக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். நாங்கள் முதல் ஆறு மாதம் மண்டபத்துக்குள் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். பிறகு வயர்கார்ட் போட்டோம். 2020 முதல் அது லினக்ஸ் கருவகத்தோடேயே வருகிறது.

படி 6: பெரிய சாவி யாரிடம்?

‘ரூட்’ என்பவர் கணினியில் எதையும் செய்யலாம். அந்தக் கடவுச்சொல்லைப் பகிராதீர்கள். ‘சூடோ’ உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் தேர்வுக்குப் போன வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். ஐவருக்கும் கொடுத்தால் போட்ட அனுமதி எல்லாம் வீண். சூடோ மூலம் செய்யும் ஒவ்வொன்றும் யார், எப்போது என்று பதிவாகும்.

ஒருவர் குழுவை விட்டுப் போனால் ‘பாஸ்வேர்டு’ கட்டளையால் கணக்கைப் பூட்டினால் மட்டும் போதாது. கடவுச்சொல் பூட்டினாலும் எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யலாம். சாவியையும் எடுத்துவிட்டு, கணக்கின் காலாவதித் தேதியையும் முடித்துவிடுங்கள். அவர் எழுதியவை அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

படி 7: நகல்

இவ்வளவும் செய்தாலும் வன்தட்டு ஒரு நாள் சாகும். தினமும் இரவு 2 மணிக்கு ‘கிரான்’ எழுப்பிவிட, ‘ஆர்சிங்க்’ வேறொரு கணினிக்கு நகலெடுக்கிறது. இதிலும் ஒரு பள்ளம். ‘டிலீட்’ தெரிவோடு ஒரே நகலை மட்டும் வைத்தால், இங்கே தவறுதலாக அழித்தது அன்றிரவே அங்கேயும் அழிந்துவிடும். அதனால் தேதிவாரியாக வையுங்கள். ‘லிங்க் டெஸ்ட்’ தெரிவைக் கொடுத்தால் மாறாத கோப்புகள் மறுபடி இடம் பிடிக்காது. மாதம் ஒருமுறை ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

வீட்டு விதிகள்

கடைசியாக, கணினியால் போட முடியாத சில விதிகளைத் தாளில் எழுதி ஒட்டினோம்.

ஒன்று: சோதனைக்கு ஆளுக்கொரு போர்ட் எண். எனக்கு 8001, அடுத்தவருக்கு 8002, இப்படி. தரவுத்தளமும் தனித்தனி.

இரண்டு: நிஜப் பிள்ளைகளின் விவரம் சோதனைக்கு வரக் கூடாது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் 6 இலக்கமே பிறந்த தேதி. விளையாட்டாகப் போடும் விஷயம் இல்லை. கற்பனைப் பெயர், கற்பனை எண்.

மூன்று: நீண்ட வேலையை ‘டிமக்ஸ்’ உள்ளே ஓட்டுங்கள். வைஃபை அறுந்தாலும் வேலை அறுகாது.

நான்கு: ஏதாவது காணாமல் போனால் முதலில் பதிவைப் பார்ப்பது, பிறகுதான் ஆளைக் கேட்பது. கேட்பதும் தனியாக.

இந்த நான்காவது விதியை நான்தான் எழுதினேன்.

தம்பி

அவன் வீட்டுக்குப் போனேன் என்றேன் அல்லவா. அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். அவர்களுக்கு விஷயமே தெரியாது. “படிப்பு ஜாஸ்தியாம், அதான் வகுப்புக்கு வரலேன்னு சொன்னான்” என்றார். வீட்டில்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை அந்தப் பிள்ளை. அவன் வந்து உட்கார்ந்ததும் அவன் அம்மா முன்னாலேயே சொன்னேன்: “தப்பு என் மேலதான்பா. நான்தான் அழிச்சேன். உன்னைக் கேட்டதும் தப்பு, எல்லார் முன்னால கேட்டது அதைவிடத் தப்பு.” அடுத்த சனிக்கிழமை வகுப்பிலும் எல்லார் முன்னாலும் அதையே சொன்னேன். எல்லார் முன்னால் போட்ட பழியை எல்லார் முன்னால்தானே எடுக்க வேண்டும்.

அவன் உடனே வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. வந்த அன்று கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, என் பேர்ல தனி அக்கவுண்ட் இருக்கா?”

இருந்தது. அவன் வருவானோ மாட்டானோ என்று தெரியாமலேயே ஐந்தாவது கணக்கை உருவாக்கி வைத்திருந்தேன். இப்போது சூடோ உரிமை உள்ள இரண்டு பேரில் அவன் ஒருவன். போன மாதம் நான் பழைய கோப்பு ஒன்றை அனுப்பப் பார்த்தபோது கிட் மறுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் திரையைப் பார்த்துவிட்டு, “முதல்ல புல் பண்ணுங்கண்ணே” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செய்து பாருங்கள்

1. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு இரண்டு கணக்கு உருவாக்குங்கள். ஒருவர் கோப்பை மற்றவர் திறக்க முயலுங்கள். என்ன செய்தி வருகிறது?

2. ஒரு குழு அமைத்து, 770 கொடுத்த கோப்புறை ஒன்று, 2770 கொடுத்த கோப்புறை ஒன்று உருவாக்குங்கள். இரண்டிலும் புதுக் கோப்பு உருவாக்கி, ‘எல்எஸ் -எல்’ கொண்டு குழுவின் பெயரை ஒப்பிடுங்கள்.

3. இரண்டு கணக்கிலிருந்தும் ஒரே கோப்பின் ஒரே வரியை மாற்றி கிட்டில் அனுப்பிப் பாருங்கள். அது காட்டும் முரண்பாட்டை இருவரும் உட்கார்ந்து தீர்த்து வையுங்கள்.

4. உங்கள் குழுவில், கிளையில், வீட்டில், எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிரும் கணக்கு ஏதாவது இருக்கிறதா? நாளைக்கு அதில் ஒன்று காணாமல் போனால் யார் மேல் சந்தேகம் விழும்? அதைப் பற்றி இந்த வாரமே பேசுங்கள்.